ஏறாத பின்கண்ணாடியும் நெடுஞ்சாலை 50ம்

நெவாடா மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் அமெரிக்க நெடுஞ்சாலை 50க்கு, அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை என்ற பெயரை 1986 ஜூலையில் லைஃப் பத்திரிகை சூட்டியது. எச்சரிக்கையாக வந்த அந்தப் பெயரை மாநிலம் விளம்பரமாக மாற்றிக்கொண்டது. வழியில் இருக்கும் ஊர்கள்தோறும் முத்திரை குத்திக்கொள்ள ஒரு கையேடும் அச்சிட்டது. பெயரில் மிகை இருக்கலாம், தூரத்தில் மிகை இல்லை. ஃபாலனிலிருந்து ஆஸ்டினுக்கு ஏறக்குறைய 110 மைல், ஆஸ்டினிலிருந்து யுரேகாவுக்கு 70, அங்கிருந்து ஈலிக்கு 77. இடையில் மலைத்தொடர், சமவெளி, மறுபடி மலைத்தொடர். இந்தச் சாலையில் பழைய டிரக் ஒன்றை ஓட்டிப்போகிறவர்கள் டயரையும் ரேடியேட்டரையும் பெட்ரோலையும் பார்த்துக்கொள்கிறார்கள். பின்பக்க மின்சாரக் கண்ணாடியைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. அது பாதியில் நின்றுவிட்டால் உடனே வரும் தீர்ப்பு, ‘மோட்டார் போயிடுச்சு’ என்பதுதான். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரமானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கண்ணாடியை எது பிடித்து நிறுத்துகிறது, மோட்டாருக்கு எவ்வளவு வோல்டேஜ் போய்ச் சேருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் மோட்டாரை விசாரிக்க வேண்டும். பணிமனையில் ஒரு மணி நேரம் நிற்கும் வண்டியைவிட, நாள் முழுக்க வெயிலையும் தூசியையும் குளிரையும் மாறி மாறிச் சந்திக்கும் வண்டிதான் அந்தப் பதில்களை எளிதாகத் தரும்.

எடுத்துக்காட்டாக ஃபோர்டு பிராங்கோவை வைத்துக்கொள்கிறேன். மிச்சிகன் மாநிலத்து வெய்ன் நகரில் தயாராகி, 1996ல் நிறுத்தப்பட்ட பெரிய உடல் பிராங்கோ அது. எஃப்-150 டிரக்கின் அடிச்சட்டத்தில் பின்பகுதியை மூடிக் கட்டிய வண்டி. அதன் பின்கதவு கீழ்நோக்கித் திறக்கும். பின்கண்ணாடி அந்தக் கதவுக்குள்ளேயே இறங்கும். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச், கதவின் வெளிப்பக்கம் சாவி போட்டுத் திருப்பும் இன்னொரு சுவிட்ச் என இரண்டு இடத்திலிருந்து கண்ணாடியை இயக்கலாம். கண்ணாடி முழுக்க இறங்கினால்தான் கைப்பிடி வேலை செய்து கதவு திறக்கும். கதவு திறந்திருக்கும்போது கண்ணாடி எழும்பிவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டுப் பகுதியில் ஒரு பாதுகாப்பு சுவிட்சும் உண்டு. செவ்ரலே கே5 பிளேசரின் பின்பக்கமும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். ஆகவே இந்தக் கண்ணாடி நின்றுபோவது சின்னத் தொந்தரவாக முடிவதில்லை. மேலே நின்றால் கதவு திறக்காது. பின்னால் ஏற்றிய ஸ்டெப்னி, தண்ணீர் கேன், கூடாரம் எல்லாவற்றையும் பக்கக் கதவு வழியே, இருக்கையைத் தாண்டித்தான் இழுக்க வேண்டும். கீழே நின்றால் நிலைமை அதைவிட மோசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபாலனைத் தாண்டிக் கிழக்கே போகும்போது இருபுறமும் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் நிலம், பனியுகத்தில் லஹோண்டன் என்ற பெரிய ஏரியின் அடித்தளமாக இருந்தது. இந்தப் பகுதியின் ஆறுகள் எதுவும் கடலுக்குப் போவதில்லை. பள்ளங்களில் தேங்கி வற்றி, உப்பையும் காரத்தையும் மிக நுண்ணிய வண்டலையும் விட்டுவிட்டுப் போகின்றன. அந்த வெள்ளைத் தரையில் பயணிகள் கறுப்புக் கற்களை அடுக்கித் தங்கள் பெயர்களை எழுதிவைத்திருப்பது நெடுஞ்சாலையின் ஓரமாகவே தெரியும். கொஞ்சம் தள்ளி சாண்ட் மவுன்டன் நிற்கிறது, ஏறக்குறைய 600 அடி உயர மணல்மேடு. பழைய ஏரிக்கரை மணலைக் காற்று அள்ளிவந்து குவித்தது. சில நேரம் மணல் சரியும்போது அது ஆழ்ந்து முழங்கும். மேட்டின் அடிவாரத்தில் 1860ல் தொடங்கி அடுத்த ஆண்டே முடிந்துபோன போனி எக்ஸ்பிரஸ் குதிரை அஞ்சலின் நிலையம் ஒன்றின் கல்சுவர்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. கண்ணாடியின் கதைக்கு இந்த நிலம் வெறும் பின்னணிக் காட்சியாக இருந்துவிடவில்லை. பின்பக்கம் செங்குத்தாக முடியும் பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரங்கள் கிளப்பும் தூசி அந்தத் தாழ்வழுத்தப் பகுதிக்குள் சுருண்டு வந்து பின்கண்ணாடியிலேயே படிகிறது. மண்சாலையில் சில மைல் போய் வந்த பெட்டி வண்டியைப் பாருங்கள்: முன்கண்ணாடி ஓரளவு சுத்தமாக இருக்கும், பின்கண்ணாடி மாவு பூசியதுபோல இருக்கும். அந்தத் தூசியோடு கண்ணாடியைக் கீழே இறக்கினால், அது கதவின் விளிம்பு பீடிங்கையும் பக்கத் தடங்களில் ஒட்டியிருக்கும் மென்முடிப் பட்டையையும் உரசிக்கொண்டுதான் இறங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி அங்கே தங்கும். பல ஆண்டு இப்படிச் சேர்ந்தால், கண்ணாடி வழுக்கி ஓட வேண்டிய தடம் உப்புத்தாள் போல ஆகிவிடும்.

உரசல் கூடினால் மோட்டார் என்ன செய்யும் என்பதில்தான் முதல் சான்று இருக்கிறது. இந்த மோட்டார்கள் கார்பன் பிரஷ் வைத்த, நிலைக்காந்த நேர்மின் மோட்டார்கள். சுமை கூடினால் வேகம் குறையும், இழுக்கும் ஆம்பியர் கூடும். முழுக்க நின்றுவிட்டால் ஓட்டத்தின்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அந்தச் சூட்டில் சுருள் எரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல மோட்டார்களுக்குள்ளேயே வெப்பத் துண்டிப்பான் ஒன்று வைத்திருப்பார்கள். ஃபியூஸ் பெட்டியிலும் சில வண்டிகளில் சாதாரண ஃபியூஸுக்குப் பதில், ஆறியதும் தானே மீளும் சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். கண்ணாடி பாதி ஏறி நிற்கிறது, சில நிமிடம் விட்டு மறுபடி அழுத்தினால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி நிற்கிறது என்றால் அது சாகும் மோட்டாரின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. ஆறிய பிறகு மறுபடி இழுக்கிறது என்றாலே சுருளும் பிரஷும் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். அளவுக்கு மீறிய சுமையைச் சுமந்து சூடாகி, பாதுகாப்பு ஏற்பாடு சொன்னபடி அது நின்றிருக்கிறது. தேய்ந்த பிரஷ் கொண்ட மோட்டாரும் சூட்டில் தடுமாறும் என்பது உண்மைதான். ஆனால் அது நிற்கும் இடம் ஒழுங்கில்லாமல் மாறிக்கொண்டிருக்கும்; தடத்தில் பிடிக்கும் கண்ணாடி ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். கண்ணாடியின் ஓரத்தில் சின்னத் துண்டு டேப்பை ஒட்டி, நிற்கும் இடத்தைக் குறித்துவைத்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி வோல்டேஜ். பிராங்கோவில் இது ஏன் பெரிய கேள்வி என்றால், மின்சாரம் போய் வர வேண்டிய தூரம் பெரிது. பேட்டரியிலிருந்து பிரேக்கர், அங்கிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், பிறகு வண்டியின் நீளம் முழுக்க ஒயர், பின்கதவின் கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் வளைந்து கதவுக்குள் நுழைந்து, சாவி சுவிட்ச், பூட்டு சுவிட்ச், கடைசியில் மோட்டார். மோட்டார் இரு திசையிலும் சுற்ற வேண்டும் என்பதால் அதன் இரண்டு ஒயர்களில் எது பிளஸ், எது எர்த் என்பது சுவிட்சை அழுத்தும் திசையைப் பொறுத்து மாறும். எனவே மோட்டாருக்குப் பக்கத்தில் எர்த் ஸ்க்ரூ எதுவும் இருக்காது. பின்கதவில் எர்த்தைத் தேடி மணிக்கணக்கில் நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. அந்த எர்த், சுவிட்சின் ஓய்வு நிலைத் தொடர்பு வழியாகத் திரும்பிவந்து முன்பக்கத்தில்தான் சேருகிறது. இரண்டு சுவிட்ச் வைத்த இத்தகைய சுற்றுகளில் பொதுவாக ஒன்றின் மின்சாரம் மற்றதன் ஓய்வுத் தொடர்பைக் கடந்தே போகும். யாரும் தொடாத சாவி சுவிட்ச் கறுத்துப்போயிருந்தால், தினமும் அழுத்தும் டேஷ்போர்டு சுவிட்ச் பழியைச் சுமக்கும். பின்கதவு திறந்து மூடும்போதெல்லாம் வளையும் அந்த ஒயர்க்கட்டில் உறைக்குள்ளேயே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுவதும் வழக்கம். வெளியே பார்த்தால் ஒயர் முழுசாகத்தான் தெரியும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கறுத்த ஒரு தொடர்பில் கால் ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும்போது அந்தத் தொடர்பிலேயே இரண்டரை வோல்ட் விழுந்துவிடும். கண்ணாடி இறுகி 20 ஆம்பியர் இழுத்தால் ஐந்து வோல்ட் காணாமல்போகும்; மோட்டாருக்கு மிஞ்சுவது ஏழு, எட்டு வோல்ட். ஆனால் மோட்டாரின் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பவருக்கு 12 வோல்ட் முழுசாகத் தெரியும், ஏனென்றால் மீட்டர் ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. இழுக்காத இடத்தில் வோல்டேஜ் விழாது. ‘12 வோல்ட் வருது, மோட்டார் சுத்தல, அப்போ மோட்டார்தான்’ என்ற முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. சுமையில்லாமல் அளந்தது ஒன்று, சுற்றாததற்குத் தடத்தின் பிடிப்பே காரணமாக இருக்கலாம் என்பதை மறந்தது இன்னொன்று. கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, சுவிட்சை அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும். அல்லது ஹெட்லைட் பல்பு போன்ற கொஞ்சம் பெரிய பல்பை மோட்டாருக்குப் பதிலாக இணைத்து, அது பளிச்சென்று எரிகிறதா, மங்கி எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சிய ஒயர் மீட்டரை ஏமாற்றிவிடும், இந்த பல்பை ஏமாற்றாது.

ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில் மீட்டருக்கும் பல்புக்கும் எங்கே போவது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஃபாலனுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே மிடில்கேட் போன்ற ஓரிரு சிறு நிலையங்களை விட்டால் நின்று பேச இடமில்லை. ஆனால் கருவி ஏதுமில்லாமலே கிடைக்கும் சான்றுகள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம். இருட்டிய பிறகு உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு சட்டென்று மங்கினால், மின்சாரம் மோட்டார்வரை போய், அங்கே பலமாக இழுக்கப்படுகிறது; கண்ணாடியைத்தான் ஏதோ பிடித்திருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் பாதையில் எங்கோ முழு அறுப்பு: பிரேக்கர், சுவிட்ச், கீலருகே ஒயர், பூட்டு சுவிட்ச், அல்லது மோட்டாருக்குள் பிரஷ். டேஷ்போர்டு சுவிட்சில் ஓடாதது சாவியில் ஓடினால் மோட்டாரும் தடமும் விடுதலை. எஞ்சினை அணைத்துவிட்டு ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பேட்டரி தனியாக 12 வோல்ட்டைச் சற்று தாண்டித் தரும், ஆல்டர்னேட்டர் ஓடினால் ஏறக்குறைய 14 வரும். எஞ்சின் ஓடினால் மட்டும் கண்ணாடி நகர்கிறது என்றால் மோட்டார் விளிம்பில் நின்று வேலை செய்கிறது. ஒன்று தடத்தின் உரசல், இல்லை வழியின் தடை. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் சுவிட்சை அழுத்த, மற்றவர் உள்ளங்கைகளைக் கண்ணாடியின் இருபுறமும் பதித்து மேலே தள்ளலாம். கொஞ்சம் உதவியதும் ஏறிவிட்டால் தடம்தான். ஒரு பக்கம் மட்டும் முந்தி ஏறிக் கோணினால், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் கையின் முனையில் உள்ள உருளை அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. பின்கதவை முழங்காலால் உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டு ஓடினால், பூட்டு சுவிட்ச் முழுக்க மூடவில்லை. இத்தனையும் சாலையோரத்தில், வெறும் கையால் செய்யலாம்.

ஆஸ்டின் 1862ல் வெள்ளி கிடைத்ததால் எழுந்த ஊர். மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ஊரைத் தாண்டியதும் சாலை 7,484 அடி உயரமுள்ள ஆஸ்டின் கணவாய்க்கு ஏறுகிறது. இந்த உயரத்தில், ஈரமில்லாத காற்றில், பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் பெரிதாக மாறும். கோடையிலும் விடியலில் கம்பளி தேவைப்படும், மதியத்தில் கதவின் இரும்பைத் தொட முடியாது. இந்த வேறுபாடு நோய் காண உதவும் இன்னொரு கருவி. குளிரில் பழைய கிரீஸ் இறுகும், ரப்பர் விறைக்கும். விடியலில் முக்கி முனகி, மதியத்தில் ஓரளவு இயல்பாக ஓடும் கண்ணாடிக்குக் கிரீஸும் பீடிங்கும் காரணம். விடியலில் ஒழுங்காக ஓடி, வெயிலேறிய பிறகு இரண்டாம், மூன்றாம் முறை அழுத்தும்போது களைத்துப்போகும் கண்ணாடிக்கு மோட்டாரும் ஒயரும் காரணமாக இருக்க வாய்ப்பு கூடுதல். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடுகிறது. முப்பது டிகிரி ஏறினால் பன்னிரண்டு சதவீதம். நலமான சுற்றுக்கு இது பொருட்டே இல்லை. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் சுற்றை அது கீழே தள்ளிவிடும். காலையும் மதியமும் ஒரே கண்ணாடியைக் கவனிக்கும் வாய்ப்பு, வண்டியை மதியம் மட்டும் பார்க்கும் மெக்கானிக்கிற்குக் கிடைப்பதில்லை. பயணத்தில் பழுதைக் கண்டறிய முடியாது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வெப்பம், தூசி, நேரம் மூன்றும் தாமாகவே மாறித் தரும் சோதனைச்சாலை வேறெங்கும் கிடைக்காது.

மோட்டார் ஒருபோதும் குற்றவாளி ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஃபோர்டின் அந்தக் காலத்து மோட்டார்களில் தெளிவான ஒரு பலவீனம் உண்டு. பல்சக்கரத்துக்கும் அதன் நடு அச்சுக்கும் இடையே மூன்று சிறிய பிளாஸ்டிக் உருளைகளை வைத்திருப்பார்கள். கண்ணாடி கடைசிவரை போய் முட்டும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அவற்றின் வேலை. வருடங்கள் போகப்போக அவை மொறுமொறுப்பாகி நொறுங்கிவிடும். பிறகு சுவிட்சை அழுத்தினால் மோட்டார் உற்சாகமாகச் சுற்றும் ஓசை கேட்கும், கண்ணாடி மட்டும் அசையாது, அல்லது கடகடவென்று சத்தம் போட்டுக் கொஞ்சம் அசையும். மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத் தூளும் பழைய கிரீஸும் குழைந்து கிடக்கும். அந்த மூன்று உருளைகள் தனியாகவே கிடைக்கின்றன. மோட்டார் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. இங்கேயும் என் கேள்வி ஒன்றுதான். அவை ஏன் நொறுங்கின? வயது ஒரு காரணம். தடத்தில் இறுகிய கண்ணாடியை ஒவ்வொரு முறையும் முழு விசையோடு தள்ளியது இன்னொரு காரணம். தடத்தைச் சுத்தம் செய்யாமல் உருளைகளை மட்டும் மாற்றினால் புதியவையும் அதே சுமையைத்தான் சுமக்கும்.

இதற்கு எதிராகப் பணிமனைக்காரர்கள் சொல்லும் வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கதவைப் பிரிக்கும் உழைப்புதான் செலவில் பெரும்பங்கு, பிரித்த பிறகு மோட்டாரையும் ரெகுலேட்டரையும் மாற்றிவிடுவதே மிச்சம், பிறகு அதே வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டாம் என்பார்கள். புத்தம்புதிய வண்டிக்கு, உதிரிபாகம் கடைக்குக் கடை கிடைக்கும் ஊரில், நானும் அதை ஒப்புக்கொள்வேன். பழைய டிரக்கில் கணக்கு மாறுகிறது. வண்டியோடு வந்த மோட்டார் இத்தனை ஆண்டு உழைத்துக் காட்டியது. அதற்குப் பதிலாக வருவது எந்தத் தரத்தில் இருக்கும் என்பது வாங்கும்வரை தெரியாது. அதைவிட முக்கியம், புதிய மோட்டார் கொஞ்ச நாளுக்கு எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பது. புது பிரஷ், புது கிரீஸ், முழு விசை. இறுகிய தடத்தையும் கறுத்த சுவிட்சையும் மீறி அது கண்ணாடியை ஏற்றிக் காட்டும். ‘பார்த்தீங்களா, மோட்டார்தான்’ என்ற நம்பிக்கை அங்கே உறுதிப்படும். அடுத்த கோடையில் அதே மோட்டார் அதே இடத்தில் நிற்கும்போது, போன முறை வாங்கியது மட்டமான சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். பாகம் மாற்றியதும் பழுது நீங்கியது என்பதால் அந்தப் பாகம்தான் பழுது என்று ஆகிவிடாது. பழையதைக் கழற்றி, மேசையில் வைத்து, நேரடியாக பேட்டரியில் இணைத்து, அது சுமையில்லாமல் எப்படிச் சுற்றுகிறது என்று பார்ப்பதற்குச் சில நிமிடம் போதும். அதைச் செய்யாமல் குப்பையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு கூட்டம் ரிலேயைப் பரிந்துரைக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு ரிலேக்களை வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை நேராகக் கொண்டுபோய், சுவிட்சுகளை வெறும் சைகைக்கு மட்டும் பயன்படுத்தினால் வோல்டேஜ் இழப்பு ஒழியும் என்பது அவர்கள் வாதம். மின்னியல்படி இது சரி; பிராங்கோவின் நீண்ட பாதைக்கு இது நல்ல மருந்தும்கூட. கண்ணாடியின் வேகம் கண்கூடாகக் கூடும். ஆனால் வரிசை முக்கியம். தடம் இறுகியிருக்கும்போதே ரிலே போட்டால், முன்பு ஒயரின் தடை மட்டுப்படுத்திய ஆம்பியர் இப்போது தடையின்றிப் பாயும். நின்றுபோன மோட்டார் முன்னைவிட வேகமாகச் சூடாகும், பிளாஸ்டிக் உருளைகள் முன்னைவிடப் பலமான அடி வாங்கும். முதலில் கண்ணாடி கையால் தள்ளினாலே வழுக்கிப் போகும் அளவுக்குத் தடத்தைச் சரிசெய்துவிட்டு, பிறகு ரிலே போடுங்கள். புதிய ஒயரின் தொடக்கத்தில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஃபியூஸ் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு பின்பக்கம்வரை தடித்த ஒயரை இழுப்பது வண்டிக்குத் தீ வைக்கும் வழி.

யுரேகாவில் 1879ல் கட்டிய நீதிமன்றமும் 1880ல் கட்டிய ஆப்பெரா அரங்கும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. பழையதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊர். கண்ணாடி மேலே மாட்டிக்கொண்டு கதவு திறக்காத வண்டியை வைத்திருப்பவர் இது போன்ற ஓர் ஊரில் நிழல் பார்த்து நிறுத்தி வேலையைத் தொடங்கலாம். பின்னிருக்கையைத் தாண்டி உள்ளே போய், பின்கதவின் உட்பக்கப் பலகையைக் கழற்ற வேண்டும். கதவு மூடியிருக்கும்போதே உள்ளிருந்து அந்த ஸ்க்ரூக்களை எட்ட முடியும். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. உள்ளே மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களின் கப்ளரைப் பிரித்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த நீண்ட ஒயரால் நேரடியாக மின்சாரம் கொடுத்தால், சுவிட்சும் பூட்டும் வழியும் எதுவாக இருந்தாலும் மோட்டார் சுற்றியாக வேண்டும். இறங்காவிட்டால் ஒயர்களை மாற்றிப் பிடியுங்கள், திசை மாறும். கண்ணாடி சீராக இறங்கினால் பழுது பாதையில்தான். தடுமாறி இறங்கினால் தடத்தில். ஓசையே இல்லாவிட்டால் அப்போதுதான் மோட்டார்மீது குற்றம் சாட்ட முழு உரிமை கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ரெகுலேட்டரில் கண்ணாடியின் எடையைத் தாங்குவதற்கு வலுவான சுருள்வில் இருக்கக்கூடும். மோட்டாரைக் கழற்றும் முன், பற்கள் கொண்ட அந்தத் தகட்டை நகராதபடி கிளாம்ப் போட்டோ போல்ட் போட்டோ பிடித்துவைக்க வேண்டும். பிடிக்காமல் கழற்றினால் தகடு சுழன்று விரலை நசுக்கிவிடும்.

பழைய வண்டிதானே, கண்ணாடியை மேலே ஏற்றி அப்படியே நிரந்தரமாக அடைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பிராங்கோவில் அப்படிச் செய்தால் பின்கதவையும் சேர்த்து இழக்கிறோம். சரக்கு ஏற்றவென்றே வாங்கிய வண்டியின் பாதிப் பயன் போய்விடும். கீழே மாட்டிக்கொண்ட கண்ணாடியோடு, ‘ஈலி போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டுவதோ உயிரோடு விளையாடுவது. தூசியை இழுக்கும் அதே தாழ்வழுத்தம் புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடையும் திறந்த பின்கண்ணாடி வழியே உள்ளே இழுக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கக் கலக்கமும் நீண்ட ஓட்டத்தின் களைப்பாகவே தோன்றும், இந்தச் சாலையில் களைப்பு இயல்பு என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆகவே கீழே நின்ற கண்ணாடியைக் கையால் ஏற்றி, மேலே நிற்கும்படி முட்டுக்கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் திறப்பைத் தடித்த பிளாஸ்டிக் தாளாலும் அகல டேப்பாலும் இறுக்கி மூட வேண்டும். அதுவும் முடியாத இடைவெளியில், வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி ஹீட்டர் விசிறியை முழு வேகத்தில் வைத்து, முன்பக்கக் காற்று வாய்களைத் திறந்துவிட்டு, மிக அருகில் உள்ள ஊர்வரை மட்டுமே போக வேண்டும்.

ஈலியில் தண்ணீர் உண்டு, கடைகள் உண்டு. தாமிரச் சுரங்கத்துக்காகப் போட்ட நெவாடா நார்தர்ன் ரயில்பாதையின் நீராவி எஞ்சின்கள் அங்கே இன்னும் ஓடுகின்றன. தடத்தைச் சுத்தம் செய்ய ஏற்ற இடம். எண்ணெய் ஸ்பிரேயை எடுத்து அடித்துவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. சில நாளைக்கு வழுக்கும், பிறகு அந்த எண்ணெய் பாலைத் தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரையும் உப்பவைக்கும். முதலில் தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, பிறகு சிறிது வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, அடுத்து நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். காரத் தூசிக்கு வினிகர் ஏன் என்பது பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டுதோறும் பர்னிங் மேன் திருவிழாவுக்குக் கூடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கூடாரம் கழுவுவதும் அப்படித்தான். மின் தொடர்புகளில் வினிகர் தண்ணீர் படக் கூடாது. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டால்தான் கழுவிய நீர் வெளியேறும். குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் வடகிழக்கு மாநிலங்களில் வாழ்ந்துவிட்டு வந்த வண்டியாக இருந்தால், அந்தத் துளைகளைச் சுற்றியுள்ள தகடு விரல் பட்டாலே உதிரும். அங்கே மோட்டாரின் உறைக்குள்ளும் துரு நுழைந்திருக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டும். தடம் காய்ந்த பிறகு உலர்ந்த சிலிக்கான் ஸ்பிரேயை மென்முடிப் பட்டையிலும் பீடிங்கிலும் பூசி, ரெகுலேட்டரின் உருளைக்கும் பல் தகட்டுக்கும் மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ் வைக்க வேண்டும். கழற்றி எடுக்கக்கூடிய ஃபைபர் கூரையை இறுக்கும் போல்ட்டுகளையும் ஒருமுறை சோதியுங்கள். கண்ணாடியின் மேல் தடம் அந்தக் கூரையில்தான் இருக்கிறது; கூரை நகர்ந்திருந்தால் கதவில் என்ன செய்தாலும் கண்ணாடி கடைசி இரண்டு அங்குலத்தில் போய்ப் பிடிக்கும்.